கந்தப்போடியாரின் அமானிதம்

காத்தான்குடி
10.12.2010, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் றிப்ஷானுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அந்தத் தூர தேசத்தில் உடம்பும் வேலையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இங்கே நானும் உன் தங்கச்சி சஹ்லாவும் அவள் புருஷனும் பிள்ளையும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய உடுப்புகள் வந்து சேர்ந்தன, எனக்கு அனுப்பிய அபாயா ஒரு சாண் நீளம், உன் உம்மா இன்னும் வளர்வாள் என்று நினைத்தாய் போல, சஹ்லா மடித்துத் தைத்துத் தந்தாள். மழை விட்டபாடில்லை. வாவித் தண்ணீர் பின்வளவு வேலி வரைக்கும் வந்து நிற்கிறது. அடுத்த வீட்டு அஹமட் காக்கா தன் மாட்டை நம் விறாந்தையில் கட்டலாமா என்று கேட்டார், ஓம் என்று சொல்லிவிட்டு இப்போது மாட்டோடு நானும் குடியிருக்கிறேன். என் முழங்கால் நோவு மழைக்குக் கூடித்தான் இருக்கிறது, அதற்காக நீ இன்னொரு தைலப் போத்தல் அனுப்ப வேண்டாம், அலுமாரியில் வைக்க இடமில்லை. இதையெல்லாம் டெலிபோனில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். டெலிபோனில் நீ குறுக்கே பேசுவாய். நான் ஒன்று தொடங்கினால் நீ ஒன்பது நியாயம் சொல்வாய், மறுகா சல்லி முடிந்துவிட்டது என்று கட் பண்ணுவாய். இந்தக் கடிதத்தை நீ கடைசி வரைக்கும் வாய் திறக்காமல் வாசிக்க வேண்டும்.

நீ செய்த காரியம் உனக்குச் சின்னது. தோஹாவில் அறைக்குள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கொம்பியூட்டரில் இரண்டு தட்டு. என் பெயரும் உன் பெயரும் சேர்ந்த நடைமுறைக் கணக்கில் கிடந்த சல்லியை எடுத்து உன் தனிப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டாய். சஹ்லாவிடம் சொன்னாயாம், அது சும்மாதானே கிடக்கு, சேமிப்பில போட்டா ஏதாவது கூடும், அந்தப் போடியார் இனி எங்க வரப்போறார் என்று. உம்மா ஏசுவா என்ற பயத்தில் அவளும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் நல்ல கூட்டு. உன் வாப்பா முனாப் ஹாஜியார் நெல் வியாபாரம் செய்த காலம் முழுவதும் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று வைக்கவில்லை, அது ஏன் என்று உனக்குத் தெரியும். வங்கிக்காரர்கள் கடைக்கே வந்து தேத்தண்ணி குடித்துக் குடித்துக் கேட்டும், வட்டி வராத கணக்கு எனக்குப் போதும் தம்பி, செக் புத்தகத்தை மட்டும் தாங்க என்று அனுப்பிவிடுவார். நீ சம்பளம் போட ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும் என்றபோது நான் அரை மனதோடுதான் தலையாட்டினேன். உன் சம்பளம் உன் பாடு. ஆனால் அந்த நடைமுறைக் கணக்கில் இருந்தது உன்னுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. அது அமானிதம் மகன். ஒருவர் நம்பித் தந்ததை அவர் தந்தபடியே வைத்திருந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துகிற உரிமைகூட நமக்கு இல்லை.

உனக்கு அப்போது அறியாத வயது இல்லை, ஆனாலும் கடைப் பக்கம் வராதவன் என்பதால் சொல்கிறேன். வெல்லாவெளிக் கந்தப்போடியார் வயல்காரர், உன் வாப்பாவுக்கு நெல் தந்தவர்களில் ஒருவர். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை அன்றைக்கு இயக்கத்தின் கையில் இருந்தது, இந்தப் பக்கம் ஆமியின் கையில் இருந்தது, அங்கே வங்கி இல்லை, வீட்டில் காசு வைத்திருப்பதும் ஆபத்து. அதனால் அறுவடை முடிந்து நெல்லைத் தந்துவிட்டு, செலவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாப்பாவிடமே விட்டுவிட்டுப் போவார். மகள் சுலோஜனாவுக்கு வீடு கட்ட என்று சேர்த்தது. அவர்களிலும் நம்மைப் போலத்தான், பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. துண்டு இல்லை, கையெழுத்து இல்லை, வாப்பாவின் வாய்ச் சொல் மட்டும்தான்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார், அதற்கு மேல் நான் எழுதவில்லை, நீயும் கூட நின்று அடக்கியவன். கடல் வந்துபோன பிறகு நான் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்த காலத்தில் ஒரு பின்னேரம் படலையடியில் யாரோ இருமினார்கள். கந்தப்போடியார். வள்ளத்தில் வாவியைக் கடந்து, சோதனைச் சாவடி எல்லாம் தாண்டி, துக்கம் விசாரிக்க வந்திருந்தார். நான் அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாத நேரம், அதனால் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு உங்கள் சல்லி பத்திரமாக இருக்கிறது, இப்போதே எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முற்றத்திலேயே நின்றுகொண்டு, முதலாளி போனா அவர்ட சொல்லும் போயிருமா, காசு இஞ்சயே இரிக்கட்டும் ராத்தா, எங்கட பக்கம் வெச்சிருக்க ஏலாது என்றார். சஹ்லா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டேன்.

பிறகு இரண்டாயிரத்து ஏழில் படுவான்கரையில் செல்லடி தொடங்கி ஊரே எழும்பி இந்தப் பக்கம் வந்தபோது கந்தப்போடியாரும் பெண்சாதி அன்னப்பூரணியும் மகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தார்கள். அவர் கட்டிவிட்டு வந்த மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று திரும்பிப் போனார். அவ்வளவுதான். யார் கண்டார்கள், யார் கொண்டுபோனார்கள், ஒரு விபரமும் இல்லை. மாடுகள் மட்டும் தாமாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் வரைக்கும் வந்தன என்று சொல்வார்கள். போன வருடம் வன்னியில் சண்டை முடிந்து ஆட்களை முகாம்களில் வைத்திருந்தபோது அன்னப்பூரணி அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மகன், நீ சிரிக்கக்கூடாது, அந்தக் குரல் என்னை விட்டுப் போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு இருக்கும்போது படலையடியில் இருமல் கேட்கும். முதல் முதல் எழும்பிப் போய்ப் பார்ப்பேன், ஒழுங்கையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். முகம் தெரியாததால் இன்னும் கஷ்டம், சந்தையிலும் பஸ்ஸிலும் அந்த வயதில் யாரைப் பார்த்தாலும் இவர்தானோ என்று நின்று பார்ப்பேன். உன் வாப்பா கனவில் வந்தால் பேசுவதில்லை, கடைக் கதிரையில் ஈரச் சட்டையோடு இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். மவுத்தானவர்கள் எதையோ கேட்டுக்கொண்டு வருவதாக நான் நம்புகிறவள் இல்லை, ஓதி ஊதிக்கொண்டு படுத்துவிடுவேன். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்தவர் சல்லியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கபுறுக்குள் போகப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் ஆறு மாதத்துக்கு முன் ஆள் அனுப்பி அன்னப்பூரணியைக் கூப்பிட்டேன். வந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. புருஷன் மவுத்தானபோது எனக்கு ஒரு இத்தா இருந்தது, இருந்து முடித்து எழும்பினேன், கபுறு எங்கே என்று தெரியும். அவளுக்குத் தொடங்கவும் வழியில்லை, முடிக்கவும் வழியில்லை. செக் எழுத உட்கார்ந்தபோது உங்கள் பெயரை முழுதாகச் சொல்லுங்கள் என்றேன். அவள் பதறிப்போய், என்ட பேரில வேணாம் ராத்தா, அவர்ட பேரில எழுதுங்க, என்ட பேரில வாங்கினா அவர் இல்ல எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரிப் போயிரும் என்றாள். அவர் பெயர் முன்னும் அவள் பெயர் பின்னுமாக ஒரு கூட்டுக் கணக்கு அவர்களுக்கு இருக்கிறது, அதில் போடலாம் என்பதால் நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனவள் உடனே போடவில்லை. அவர் வந்தால் அவரே கொண்டுபோய்ப் போடட்டும் என்று சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். நானும் அவள் எப்போதோ போட்டிருப்பாள் என்று நினைத்து என் கழுத்துப் பாரம் இறங்கிவிட்டதாக நிம்மதியாக இருந்தேன். அந்த நேரத்தில்தான், சல்லி அசையாமல் கிடப்பதைக் கண்டு, நீ உன் கெட்டித்தனத்தைக் காட்டினாய்.

சுலோஜனாவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசியிருக்கிறது, வீட்டுக்குக் கூரை போட வேண்டும். செக் காலாவதியாகப் போகிறது என்று யாரோ சொல்ல, அன்னப்பூரணி போன மாதம் அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள். கணக்கில் சல்லி இல்லை. செக் திரும்பிவிட்டது. நம் வங்கியிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து, உம்மா, நீங்க எழுதின செக் ஒண்டு திரும்பிரிக்கு, கந்தப்போடி எண்ட பேருக்கு என்றாள். நான் கேட்டது அந்தப் பெயரைத்தான். அவர் வந்துவிட்டாரோ, அவரே செக்கைக் கொண்டுவந்து கொடுத்தாரோ, வந்த மனிதனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டோமோ என்று ஒரு நிமிடத்துக்குள் என் மனம் எங்கெல்லாமோ போய்விட்டது. போனைப் பிடித்தபடியே அவரைப் பாத்தியா மகள், எப்படி இரிக்கார் எண்டு அவளிடம் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சஹ்லா ஓடிவந்து போனை வாங்கினாள், அப்போதுதான் எல்லாவற்றையும் கக்கினாள்.

வங்கிக்குப் போனோம். முனாப் ஹாஜியாரின் பெயர் சொல்லும் செக் இதுவரைக்கும் ஒன்று திரும்பியதில்லை என்று அவர்களே சொன்னார்கள், அந்த மரியாதையில் என்னைக் கதிரையில் இருத்தினார்கள், அது இன்னும் வெட்கமாக இருந்தது. சேமிப்புக் கணக்கு உன் பெயரில், நான் அதிலிருந்து ஒரு சதம் எடுக்க முடியாது. நீதான் திருப்பி மாற்ற வேண்டும். ஆனால் நீ மாற்றும் வரைக்கும் என்னால் வீட்டில் குந்திக்கொண்டிருக்க முடியவில்லை. அன்னப்பூரணி வந்து கேட்டிருந்தால்கூட நல்லது, அவள் வரவில்லை, ஒரு சொல் அனுப்பவில்லை. ஏமாற்றிவிட்டாள் காத்தான்குடிக்காரி என்று நினைத்திருப்பாள். நம் இரண்டு ஆட்களுக்கும் நடுவில் ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது, அதற்கு மேல் இதுவுமா.

நேற்று சஹ்லாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வெல்லாவெளிக்குப் போனேன். வயல் வட்டை முழுக்கத் தண்ணீரும் பச்சையும், ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. அரை வீடு எழும்பி நிற்கிறது, பக்கத்தில் தகரக் கொட்டில், அதில்தான் இருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அன்னப்பூரணி கோபப்படவில்லை, பாயை விரித்து இருக்கச் சொன்னாள். சுவரில் அவருடைய படம். மாலை போடவில்லை. மெலிந்த சின்ன மனிதர், அந்தக் குரலுக்கு நான் பெரிய ஆளை நினைத்து வைத்திருந்தேன். நான் பாயில் இருந்து நடந்ததெல்லாம் சொன்னேன், என் மகன் அங்கே இருந்துகொண்டு ஒன்லைனில் சல்லியை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டான், களவு இல்லை, புத்தியில்லாமல் செய்தான், மன்னித்துவிடுங்கள் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் காசு எங்க போகப்போகுது ராத்தா, நீங்க தருவீங்க எண்டு தெரியும் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

செக் திரும்பினால் வங்கி அதை உறையில் போட்டுக் கணக்குக்காரருக்குத் தபாலில் அனுப்புமாம். முதல் பெயர் அவருடையது. அன்று காலை தபால்காரர் வேலியடியில் சைக்கிளை நிறுத்தி, கந்தப்போடி, கந்தப்போடிக்குக் கடிதம் என்று கூப்பிட்டாராம். புதிதாக மாற்றலாகி வந்தவர், அவருக்கு ஊர் நடப்புத் தெரியாது. இந்த மூன்று வருடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அந்த வாசலில் ஒருவரும் கூப்பிட்டதில்லை மகன். அன்னப்பூரணிக்கு உறையிலிருந்த இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது, அரசாங்கத்து உறை போல இருந்தது. எங்கேயோ வைத்திருக்கிறார்கள், விடப்போகிறார்கள், அதற்குத்தான் கடிதம் வந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். பிரிக்கவில்லை. தையல் வகுப்புக்குப் போன சுலோஜனா வரட்டும் என்று உறையைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, தலை முழுகி, கொட்டிலைக் கூட்டி மெழுகி, அவருக்குப் பிடித்த விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாளாம். அவருடைய சாரத்தை எடுத்து வெயிலில் போட்டாளாம். மகள் மத்தியானம் வந்து பிரித்து வாசித்தாள். கணக்கில் பணம் இல்லை என்று இருந்தது. நான் அந்த இடத்தில் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. அழாமல் சஹ்லாவைப் பார்த்து, மகள், நீங்க படிச்ச பிள்ள, இனி ராத்தா நல்ல செக் தந்தா அதுக்கும் அவர்ட பேருக்குக் கடிதம் வருமா என்று கேட்டாள். சஹ்லா உண்மையைத்தான் சொன்னாள், இல்ல மாமி, காசு கிடைச்சா கடிதம் வராது, திரும்பினாத்தான் வரும் என்று. அன்னப்பூரணி என் பக்கம் திரும்பினாள். பிறகு, அப்ப கூரைக்கு ஒரு செக் தாங்க ராத்தா, அதோட காசில்லாம இன்னொண்டும் எழுதித் தாங்க என்றாள்.

ஒரு செக் திரும்பியதற்கே தரைக்குள் போய்விடலாம் போல இருந்த எனக்கு, தெரிந்துகொண்டே இன்னொன்று எழுதச் சொல்கிறாள். பைத்தியம் என்று சொல்லலாம். அவள் பைத்தியம் இல்லை, கூரைத் தகரத்தின் விலையை என்னைவிடச் சரியாகச் சொல்கிறாள். அப்படி ஒன்றை என் கையால் எழுத மாட்டேன், அது பொய், அல்லாஹ்வுக்கும் பொய், உங்களுக்கும் பொய் என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலையைப் பார்க்க முடியாமல், ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பிவந்து, ஆனா கடிதம் வரும் அன்னப்பூரணி, பொய்யில்லாத கடிதம் வரும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் மகன். என் வாயால் வாக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது பாலத்தில் சஹ்லா எந்தக் கடிதம் உம்மா என்று கேட்டாள், அப்போதுதான் எனக்கே தெளிந்தது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கொம்பியூட்டரைத் திறந்து போடியாரின் சல்லியை நடைமுறைக் கணக்குக்குத் திருப்பு, ஒரு சதம் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். அதற்கு வந்த வட்டியைத் தனியே எடுத்து, பஸ் நிலையத்தில் பொதுக் கக்கூஸ் கட்டுகிறார்களே, அவர்களிடம் கொடுக்கச் சொல்லி மச்சானுக்கு அனுப்பு, அது ஹறாம் சல்லி, நன்மை கிடைக்கும் என்ற நினைப்போடு கொடுக்காதே. மாற்றி முடிந்ததும் சஹ்லாவுக்குப் போன் பண்ணு, அவள் கணக்கைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நான் செக்கில் பேனை வைப்பேன், தை பிறக்க முன் கூரை ஏற வேண்டும். அதோடு, நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். அல்லாஹ்வுக்கும் நமக்கும் நடுவில் உள்ள பாவத்துக்கு அவனிடம் அழலாம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், இது நீ மதரசாவில் படித்தது. அன்னப்பூரணியிடம் நான் கேட்டது போதாது, சல்லி அவளுடையது அல்ல. உரியவரிடம் நீ கேள். மரியாதைக்குரிய கந்தப்போடியார் அவர்களுக்கு, முனாப் ஹாஜியாரின் மகன் எழுதுவது என்று தொடங்கு. உங்கள் பணத்தைக் கேட்காமல் மாற்றினேன், இன்ன தேதியில் திருப்பி வைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுது. நடந்ததை மட்டும் எழுது. இருக்கிறீர்கள் என்றும் எழுதாதே, இல்லை என்றும் எழுதாதே, அது நமக்குத் தெரியாத விஷயம். மன்னித்தேன் என்று பதில் வரும் வரைக்கும் உன் கடன் தீராது, அதனால் நீ ஒரு தரத்தோடு விடவும் முடியாது. மாதம் ஒன்று எழுது. அமானிதம் வைத்திருந்தவர்கள் கேட்கிற மன்னிப்பு, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை உனக்குத் தண்டனையாகச் சொல்லவில்லை, ஆனாலும் தண்டனையாக இருந்தால் இருக்கட்டும்.

சரி, ஏசி முடிந்தது. நீ என் பிள்ளைதான், உன் மேல் எனக்குக் கோபம் நிலைக்காது, அது உனக்கும் தெரியும், அதுதான் உன்னைக் கெடுத்தது. நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹை விடாதே. கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் பேசி வந்திருக்கிறது, அதைப் பற்றிப் போனில் பேசுவோம், அதற்கு நீ குறுக்கே பேசலாம். அல்லாஹ் உன் கையில் பரக்கத்தையும் உன் மனதில் பயத்தையும் தரட்டும், உன் வாப்பாவின் பெயரை உன்னால் நிமிர்த்தட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. உறைக்கு மேல் கொம்பியூட்டர் எழுத்து வேண்டாம், இங்கிலிசும் வேண்டாம். கந்தப்போடி, வெல்லாவெளி என்று உன் கையால் தமிழில் பெரிதாக எழுது, தபால்காரர் வேலியடியில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

துஆவோடு,
உன் உம்மா
பல்கீஸ்